துயிலெழுப்பும் ஒலி

துயிலெடை நிலை என்பது தொல்காப்பியம் புறத்திணையியலிற் கூறப்படும் ஒரு துறை. துயின்று கிடக்கும் வேந்தனைச் சூதர்கள் அவன் புகழை ஏத்தி எழுப்புதலை அத்துறை குறிக்கும். பிற்காலத்தே புலவர் இம்முறையை இறைவனுக்கும் உரியதாக்கினர். சோழநாட்டுத் திருமண்டங்குடியிற் பிறந்த தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனுக்கும், மாணிக்கவாசகர் சிவபெருமானுக்கும், பத்துப் பத்துப் பாடல்களால் பள்ளியெழுச்சி பாடினர். நம் நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பாரதியார் பாரத மாதாவுக்கே பள்ளியெழுச்சி பாடினார். உறங்குவோரை எவ்வாறு எழுப்புதல் வேண்டும் என்பதை இத்துணை ஆராய்ந்த மொழி நம் மொழி.

இந்நாளில் மாணாக்கராகிய நம்மை எழுப்புவது தலையணையருகே கிடக்கும் ஸ்மார்ட்போன். அதன் அலாரம் என்ன ஒலி எழுப்பவேண்டும் என்பதை நாமே மாற்றி அமைத்துக்கொள்ளலாம். நண்பர் பலர் இதனை ஒரு விளையாட்டாகக் கருதி, வாரம் ஒரு பாட்டாக மாற்றுகின்றனர். வேறு பலர் கருவியை வாங்கிய நாளில் இருந்த ஒலியையே தொடாமல் விட்டுவிடுகின்றனர். இவ்விரு திறத்தாரும் சிறிது எண்ணிப்பார்த்தல் நலம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. நம்மைத் துயிலெழுப்பும் ஒலியை இனி எழுப்பொலி என்றே குறிப்பேன். எழுப்பொலியை மாற்றும் உரிமை நமக்கு உண்டு. அவ்வுரிமையோடு மூன்று கடமைகளும் உண்டு. உறங்குவோனுக்குச் செய்யும் கடமை ஒன்று. உடனுறைவோனுக்குச் செய்யும் கடமை ஒன்று. அவ்வொலிக்கே செய்யும் கடமை ஒன்று. மூன்றையும் யான் பிழை செய்தே கற்றேன்.

முதற்கண், எங்கள் நாட்டில் மக்கள் முன்பு எவ்வாறு எழுந்தனர் என்பதைக் கூறுவேன். எம் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தைச் சார்ந்த ஒரு கடைமடைச் சிற்றூர். என் அப்பாயி தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கடிகாரத்தைத் திருகி வைத்ததில்லை. கீழ்வானில் வெள்ளி முளைப்பதும், மின்கம்பியில் அமர்ந்து கரிச்சான் குருவி கத்துவதும், அடுத்த தெருச் சேவல் கூவுவதும் அவருக்குப் போதும். நடவுக் காலத்தில் நான்கு மணிக்கு எழுந்து, முதலில் தாம் முகம் கழுவிச் செபம் செய்து, பின்னரே பிறரை எழுப்புவார். சற்று நேரத்திற்கெல்லாம் பெருமாள் கோயிற் சங்கும், பள்ளிவாசலின் பாங்கொலியும், எங்கள் ஆலய மணியும் ஒன்றன்பின் ஒன்றாய் எழும். இம்மூன்றில் எது தமக்கு உரியது என்பதை ஊரார் யாவரும் அறிவர். எனினும் மூன்றும் எல்லோரையும் எழுப்பின.

பொழுதை அளந்தறிதற்கெனத் தனியே ஆள் வைத்திருந்தவர் அரசரே. நாழிகைக் கணக்கர் என்போர் நீர்க்கன்னலைக் கொண்டு பொழுதளந்து வேந்தனுக்கு அறிவித்த செய்தி முல்லைப்பாட்டால் விளங்கும். ஏனையோர்க்கு ஊரே கடிகாரமாயிருந்தது. வேண்டிய நேரத்திற்கு அமைத்துக்கொள்ளத்தக்க அலாரக் கடிகாரத்திற்குப் பிரான்சு நாட்டு அந்துவான் ரெதியே என்பார் 1847-இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் சேத் தாமஸ் நிறுவனம் 1876-இல் படுக்கையருகே வைக்கத்தக்க சிறு கடிகாரத்திற்குக் காப்புரிமை பெற்றது. அவ்வினத்தைச் சேர்ந்த கடிகாரமே நம் வீடுகளில் டைம்பீஸ் என்னும் பெயரால் வழங்கியது. சாவி கொடுத்து முள்ளைத் திருப்பி வைத்தால், குறித்த நேரத்தில் அது கடகடவென்று அடிக்கும். அதன் ஒலியை ஒருவராலும் மாற்ற இயலாது. வீட்டில் அஃது ஒன்றே இருந்தமையால் குழப்பமும் இல்லை.

ஸ்மார்ட்போன் இந்நிலையை மாற்றிவிட்டது. கடிகாரச் செயலியைத் திறந்து, குறித்த நேரத்தைத் தொட்டு, ஒலி என்னுமிடத்தைத் தொட்டால், பல ஒலிகள் நிரலாய்த் தோன்றும். வேண்டியதைத் தெரிந்துகொள்ளலாம். கருவியிற் சேமித்த பாட்டையோ, நாமே பதிவு செய்த குரலையோ சேர்த்துக்கொள்ளலாம். வைகறைக்கு ஓர் ஒலி, மாலைக்கு ஓர் ஒலி என நேரந்தோறும் வேறுபடுத்தலாம். ஒலி மெல்லத் தொடங்கிச் சிறுகச் சிறுக உயரும்படியும், ஒலியின்றி அதிரும்படியும் அமைக்கலாம். முன்னாளில் அரசர்க்கும் வாய்க்காத வசதி இது. வசதி பெரிதாதலின் பிழைக்கும் இடம் பெரிதாயிற்று.

முதற் பிழை என் தந்தையாரின் போனிற் செய்தது. அப்போது யான் மேல்நிலைப் பள்ளியிற் படித்துக்கொண்டிருந்தேன். அவ்வாண்டு ஆற்றில் நீர் குறைவு. ஆதலால் எங்கள் வாய்க்காலில் முறை வைத்து நீர் பாய்ச்சினர். எங்கள் முறை இரவு இரண்டு மணிக்கு வந்தது. தந்தையார் தம் போனில் அலாரம் வைத்துவிட்டு உறங்கினார். அவருக்குத் தெரியாமல் அதன் பழைய மணியொலியை நீக்கி, எனக்கு விருப்பமான திரைப்பாடல் ஒன்றை மாலையிலேயே அமைத்து வைத்திருந்தேன். அவர் இனிய பாட்டைக் கேட்டு எழுந்து மகிழ்வார் என்பது என் எண்ணம். இரண்டு மணிக்குப் பாட்டு மெல்லத் தொடங்கியது. அவரும் அதனைக் கேட்டார். பக்கத்து ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கி பாடுகிறதென்று கருதிப் புரண்டு படுத்துவிட்டார். நான்கு மணிக்கு அப்பாயி எழுப்பியபோது எங்கள் முறை கழிந்து, நீர் அடுத்தவர் மடைக்குச் சென்றிருந்தது. மறுமுறை வருவதற்கு ஆறு நாளாயிற்று. நட்டுப் பத்து நாளான இளம்பயிர் நின்ற வயல், அதற்குள் வெடிப்புக் கண்டது.

தந்தையார் என்னை வையவில்லை. "பாட்டு நல்ல பாட்டுத்தான், தம்பி. ஆனால் அது என்னைக் கூப்பிடவில்லையே" என்று மட்டும் கூறினார். எழுப்பொலியைப்பற்றி யான் கேட்ட உரைகளுள் இதனினும் பொருந்தியது பிறிதில்லை. ஒலி இனிதாயிருத்தல் மட்டும் போதாது. இது நம்மை அழைக்கும் அழைப்பு என்று உறங்குவோன் உள்ளம் அறியவேண்டும். பலகாற் கேட்டுப் பழகிய ஒலிக்கே அவ்வாற்றல் உண்டு. நாள்தோறும் மாற்றப்படும் ஒலி நாள்தோறும் அயலாராகிவிடுகின்றது. பிறர் போனில் அவர் அறியாது மாற்றுதலோ, வாயிற்காவலனை அவர் அறியாது மாற்றுதலை ஒக்கும். ஆகவே, உறங்குவோன் தானே தெரிந்து, தானே பழகிய ஒலியே எழுப்பொலி ஆதல் வேண்டும். இது முதற் கடமை.

இரண்டாவது, உடனுறைவோனுக்குச் செய்யும் கடமை. விடுதியில் எம் அறையில் நால்வர் உறைகின்றோம். நால்வரின் கருவிகளுள் மூன்று ஒரே நிறுவனத்தன. மூவரும் வாங்கிய நாளில் இருந்த ஒலியையே வைத்திருந்தோம். இடைத்தேர்வு நாளொன்றில் என் அலாரம் நான்கு மணிக்கு அடித்தது. தம்முடையதென்று கருதிய நண்பர் ஒருவர், இருளில் கைநீட்டி அருகிலிருந்த என் கருவியை அடக்கிவிட்டு உறங்கிப்போனார். யானும் உறங்கிப்போனேன். முதல் அரைமணி நேரம் கழிந்தபின்னரே தேர்வறைக்குள் நுழைந்தேன். நண்பர் மேல் பிழையில்லை. மூன்று பேருக்கு ஒரே பெயர் இட்டு அழைத்தால் யார் எழுவார், யார் எழமாட்டார்?

அன்றே மூவரும் மூன்று ஒலிகளை வகுத்துக்கொண்டோம். அதனால் வேறொரு தொல்லை விளைந்தது. ஒருவர் கேட்போர் நெஞ்சு அதிரும்படியான ஊதொலியைத் தெரிந்துகொண்டார். அவர் எழுந்து குளிக்கச் சென்றபின்னரும், பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அக்கருவி ஏனையோரை எழுப்பிக்கொண்டேயிருந்தது. ஸ்னூஸ் என்னும் பொத்தான் அமைத்தவன் தனியறையில் உறங்குபவன் போலும். இரவு பன்னிரண்டு மணிவரை படித்துப் படுத்தவனுக்கு ஐந்து மணிவரை உறங்க உரிமையுண்டு. நான்கு மணிக்கு எழ வேண்டியவனுக்கு எழவும் உரிமையுண்டு. இரண்டுரிமையும் ஓரறையில் வாழவேண்டுமாயின், அதிர்வை மட்டும் அமைத்துப் போனைத் தலையணையின்கீழ் வைத்தல், முதல் ஒலியிலேயே எழுதல், எழுந்தவுடன் அலாரத்தை முற்றும் நிறுத்திச் செல்லுதல் ஆகிய சிறு மரியாதைகள் வேண்டும். தன்னைப்போற் பிறனையும் நேசித்தல் என்னும் பெருங்கட்டளை, விடுதியறையில் வைகறை நான்கு மணிக்கு இவ்வளவு சிறிய வடிவில் வந்து நிற்கின்றது.

மூன்றாவது கடமை அவ்வொலிக்கே செய்வது. இதனை அறிந்த நாள் எனக்கு நாணந் தந்த நாள். கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில், காலையை இறைவன் புகழோடு தொடங்கவேண்டும் என்னும் நல்லெண்ணத்தால், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இயற்றிய கீர்த்தனைகளுள் ஒன்றை எழுப்பொலியாக அமைத்தேன். 1774 முதல் 1864 வரை வாழ்ந்து, சுவார்ச்சையரின் வளர்ப்பில் உருவான அப்பெரியார் பாடியவை இன்றும் நம் சபைகளில் உயிரோடு வழங்குகின்றன. முதல் வாரம் யான் மகிழ்ந்தே எழுந்தேன். அடுத்தடுத்த வாரங்களில் பல்லவியின் முதற்சொல் முடிவதற்குள் கை அதனை அடக்கக் கற்றுக்கொண்டது. ஓராண்டில் அக்கீர்த்தனையை ஒருமுறையேனும் யான் முழுதும் கேட்டிலேன். ஆயின் முந்நூறு முறை அதனை வாயடக்கியிருப்பேன்.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, ஞாயிறு ஆராதனையில் அதே கீர்த்தனை தொடங்கப்பட்டது. பெரியோரும் சிறுவரும் ஒருமித்துப் பாட எழுந்தனர். என் கை என்னையறியாமல் சட்டைப்பையைத் துழாவியது. உள்ளத்தே எழுந்தது பக்தியன்று, எரிச்சல். அருகில் நின்ற அப்பாயி கண்களை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். அவர்க்கு வழிபாடாயிருந்த பாட்டை எனக்குத் தொல்லையாக்கிக்கொண்டவன் யானே. அன்று மாலையே அதனை நீக்கினேன். அதன் பழைய சுவை எனக்குத் திரும்பப் பல மாதங்கள் சென்றன.

இதனை யான் கிறித்தவ மாணாக்கர்க்கு மட்டும் கூறவில்லை. சுப்ரபாதத்தையும், தேவாரத்தையும், ஓதுதலையும் எழுப்பொலியாக வைத்திருக்கும் நண்பர்களை யான் அறிவேன். அவர் எண்ணம் தூயதே. திருக்கோயிலில் பள்ளியெழுச்சி பாடுங்கால் அதனை இடையில் நிறுத்துவார் இலர். அது முடியுமளவும் கேட்கப்படும். போனில் வைத்த பாட்டோ நிறுத்தப்படுவதற்கென்றே பாடுகின்றது. முடியுமளவும் கேட்டு எழக்கூடியவர் வைத்துக்கொள்க. ஏனையோர் தமக்கு உயிரான பாட்டை இப்பணிக்கு அனுப்பாதிருத்தல் நன்று.

இனி, ஆராய்ச்சியாளர் கூறுவதையும் காண்போம். ஆஸ்திரேலிய நாட்டு மெல்பர்ன் நகர ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தார் 50 பேரிடம் அவர்தம் எழுப்பொலியையும் எழுந்தபின் உள்ள மயக்கத்தையும் கேட்டறிந்து 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இசைத்தன்மையுள்ள ஒலியால் எழுந்தோர் மயக்கம் குறைவாயிருந்ததாகக் கூறினர். இசைத்தன்மை உண்டென்றும் இல்லையென்றும் சொல்லமுடியாத ஒலியால் எழுந்தோர் மயக்கம் மிகுதியாயிருந்ததாகக் கூறினர். 50 பேர் கூற்றைக்கொண்டு உலகத்திற்கு விதி செய்தல் கூடாது. எனினும், வேந்தனைத் துயிலெழுப்பப் பாட்டைத் தெரிந்துகொண்ட நம் முன்னோர் வழக்கத்தோடு இம்முடிவு முரணவில்லை.

அமெரிக்க ஒகையோ மாநிலத்துக் குழந்தைகள் மருத்துவமனையொன்றின் ஆராய்ச்சி 2018-இல் வெளியாயிற்று. தீப்பற்றினால் எச்சரிக்கும் கருவியின் ஒலிக்கு 5 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர் எவ்வாறு எழுகின்றனர் என்று ஆராய்ந்தனர். கூரிய ஊதொலிக்கு எழாமற் கிடந்த சிறுவர் பலர், பதிவு செய்த தாயின் குரலுக்கு விரைந்து எழுந்தனர். மனிதக் குரலின் ஆற்றல் அத்தகையது. ஆலயத்தில் உறங்கிய சாமுவேல் என்னும் சிறுவன், தன் பெயரைக் கேட்டவுடன் மும்முறையும் எழுந்து ஏலியிடம் ஓடிய வரலாற்றை நாம் அறிவோம்.

அங்ஙனமாயின் தாயின் குரலையே எழுப்பொலியாக வைத்தல் ஆகாதோ எனச் சிலர் வினவலாம். என்னிடமும் அத்தகைய பதிவு ஒன்று உண்டு. அப்பாயி சென்ற ஆண்டு காலமானார். அதற்குச் சில மாதங்கட்கு முன், விளையாட்டாக, "எழுந்திரு ராசா, வெள்ளி முளைத்துவிட்டது" என்று அவர் கூறியதை என் போனிற் பதிந்து வைத்தேன். அவர் மறைந்தபின் அதனை அலாரமாக அமைக்க ஒருநாள் விரும்பினேன். ஒலி என்னுமிடத்தையும் தொட்டேன். அப்போது கீர்த்தனைக்கு நேர்ந்தது நினைவுக்கு வந்தது. உயிரோடிருந்த காலத்தில் அவர் எழுப்பினால், "இன்னும் சற்று நேரம்" என்று கெஞ்சலாம். அவரும் இரங்கி, போர்வையை இழுத்துவிட்டுச் செல்வார். பதிவு அவ்வாறு இரங்காது. நாள்தோறும் யான் ஒரு விரலால் அவர் குரலை அடக்கவேண்டியிருக்கும். முந்நூறு நாள் கழிந்தபின் அக்குரல் எனக்கு என்னவாய்விடும்? தீயினின்று குழந்தையைக் காக்க அக்குரல் வேண்டும். முதற்பாட வேளைக்கு என்னை எழுப்ப வேண்டுவதில்லை. அப்பதிவு என் போனில் அவ்வாறே இருக்கின்றது. கேட்கவேண்டும்போது அமர்ந்து முழுதும் கேட்கின்றேன்.

இத்துணைச் சிறு செய்திக்கு இவ்வளவு ஆராய்ச்சி ஏன், எழுந்தாற் போதாதோ என்று நகுவாரும் உளர். அவர்க்கு என் விடை இது. ஒருவன் ஆண்டுக்கு முந்நூறு முறைக்குக் குறையாமற் செய்யும் செயல் எதுவும் சிறிதன்று. கண்விழித்தவுடன் உள்ளத்திற் படும் முதற்பொருள் அவ்வொலி. மேலும், ஊர் ஒருங்கே எழுந்த காலத்தில் எழுப்பொலியைப்பற்றி எண்ணவேண்டிய கடமை ஊர்க்கு இருந்தது. இப்போது ஒவ்வொருவனும் தன் கருவியால் தனித்தனியே எழுகின்றான். ஆதலால் அக்கடமை ஒவ்வொருவன் கைக்கும் வந்துவிட்டது.

முடிவில் எம் அறையினர் செய்ததைக் கூறி அமைகின்றேன். நால்வருள் ஒருவர் திருவாரூர்ப் பக்கத்தவர்; புல்லாங்குழல் பயில்பவர். வைகறைக்கு உரியதென்று இசைவாணர் போற்றும் பூபாள இராகத்தின் ஐந்து சுரங்களை அவர் மெல்லத் தொடங்கி, மேலேறி, இறங்கி, அரை நிமிடம் வாசித்தார். அதனை என் போனிற் பதிந்தோம். அதற்குச் சொல் இல்லை. ஆதலின் இடையில் நிறுத்தினால் குறைபடும் செபமும் இல்லை. அது பிறிதெங்கும் கேட்கப்படாத ஒலி. ஆதலின் என்னை அழைப்பது என்று அறிகின்றேன். வாசித்தவர் என் பக்கத்துக் கட்டிலில் உறங்குபவர். தாம் பொறுக்கக்கூடிய அளவே வாசித்திருக்கின்றார். மற்ற இருவர்க்கும் வெவ்வேறு சுரக்கோவைகளை வாசித்துத் தந்தார். தமக்கு மட்டும் அவர் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. தம்மை எழுப்பும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார்.

நாள்தோறும் நான்கரை மணிக்குக் குழலோசை கேட்டு எழுந்து, போனை நிறுத்திவிட்டு, அவர் தோளைத் தொட்டுப் பெயர் சொல்லி அழைக்கின்றேன். சில நாட்களில் அவர் இன்னும் சற்று நேரம் கேட்கின்றார். போர்வையை இழுத்துவிட்டுச் சென்று, முகம் கழுவி வந்து மீண்டும் எழுப்புகின்றேன். அவரும் எழுந்துவிடுகின்றார்.